குளவியென்னும் ஊர்தி

மனிதனின் நற்பேற்றைச் சேர்ந்தவை நான்கு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன பொன்மொழி ஒன்றுண்டு. ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அறிவித்த அதனை இமாம் இப்னு ஹிப்பான் தமது தொகுப்பில் பதிந்துள்ளார். நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார் ஆகிய மூன்றையும் நம் சொற்பொழிவாளர்கள் விரித்துரைக்க நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நான்காவதைப் பற்றித்தான் பேசுவார் குறைவு. ‘மர்கப் ஹனீ’ என்பது அது. ஏறிச் செல்பவருக்கு இதமான ஊர்தி என்று பொருள். விரைவானது என்றோ விலை மிக்கது என்றோ அங்கே சொல்லப்படவில்லை. அதே நபிமொழி, துர்ப்பேற்றைச் சேர்ந்தவற்றை எண்ணும்போது பொல்லாத ஊர்தியையும் சேர்த்தே எண்ணுகிறது. நடுரோட்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு இதற்கு விரிவுரை வேண்டியதில்லை.

அந்நாளில் ஊர்தி என்றால் ஒட்டகம், குதிரை, கோவேறு கழுதை. பஸராவின் பேரறிஞர் ஜாஹிள் கோவேறு கழுதைகளைப் பற்றித் தனி நூலே இயற்றியிருக்கிறார். அவர் நம் காலத்தில் வாழ்ந்திருந்தால் ஸ்கூட்டரைப் பற்றி ஒரு நூல் எழுதாமல் விட்டிருக்க மாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. குதிரையின் கம்பீரம் இல்லை, ஒட்டகத்தின் உயரம் இல்லை. ஆனால் சுமக்கும், பழகும், சந்துபொந்தெல்லாம் நுழையும் என்ற அளவில் ஸ்கூட்டரும் கோவேறு கழுதையும் ஒரு சாதி.

இந்தச் சிறு வாகனத்தின் பிறப்பிடம் இத்தாலி. அங்கே தஸ்கனி மாநிலத்தில், பீசா நகரத்துக்குக் கிழக்கே, பொந்தெதெரா என்னும் ஊரில் பியாஜியோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1884இல் ரினால்டோ பியாஜியோ என்பவர் ஜெனோவாப் பகுதியில் கப்பல்களின் உட்புற வேலைகளுக்காகத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் இரயில் பெட்டிகளும், அதன்பின் விமானங்களும் செய்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களைச் செய்து கொடுத்த அந்தத் தொழிற்சாலை மீதே நேச நாடுகளின் குண்டுகள் விழுந்தன. போர் முடிந்தபோது கட்டடம் பாழ், வேலையாட்களுக்கு வேலையில்லை, தோற்ற நாட்டுக்குப் போர் விமானங்களை வாங்குவாரும் இல்லை. சாலைகள் சிதைந்து கிடந்தன. கார் வாங்கும் நிலையில் மக்கள் இல்லை. ரினால்டோவின் மகன் என்ரிகோ பியாஜியோ, ஏழை எளியவரும் வாங்கத்தக்க மலிவான ஊர்தி ஒன்றைச் செய்தால் தொழிற்சாலையும் பிழைக்கும், ஊரும் நடமாடும் என்று எண்ணினார்.

முதலில் செய்த மாதிரி அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் தோற்றத்தைக் கண்ட தொழிலாளர்கள் ‘பாப்பெரினோ’ என்று பெயரிட்டு நகைத்தார்கள். சித்திரக் கதைகளில் வரும் டொனால்டு வாத்துக்கு இத்தாலியர் வழங்கும் பெயர் அது. அதன்பின் அழைக்கப்பட்டவர்தான் கொர்ராதினோ தஸ்கானியோ.

இவர் மோட்டார் சைக்கிள் பொறியாளர் அல்லர். 1891இல் பிறந்த விமானப் பொறியாளர். 1930 அக்டோபரில் இவர் வடிவமைத்த ஹெலிகாப்டர் ரோம் நகருக்கருகே சாம்பினோவில் 18 மீட்டர் உயரம் எழும்பி அக்காலச் சாதனையாக விளங்கியது. மோட்டார் சைக்கிள் என்றாலே இவருக்கு வெறுப்பு. அந்த வெறுப்பே பெரிய அனுகூலமாயிற்று. சங்கிலியின் எண்ணெய்க் கறை ஆடையில் படிகிறதா? சங்கிலியே வேண்டாம் என்று இயந்திரத்தைப் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே பொருத்தினார். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியிருக்கிறதா? நடுவே காலி இடம் விட்டு, காலூன்றத் தட்டையான பலகை அமைத்தார். சக்கரம் பஞ்சரானால் கழற்றுவது கடினமா? விமானத்தின் தரையிறங்கு சக்கரம் போல் ஒரே பக்கத் தண்டில் முன்சக்கரத்தை நிறுத்தினார். கியரைக் காலிலிருந்து கைப்பிடிக்கு மாற்றினார். குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக விமான உடல் போல் எஃகுத் தகட்டையே வளைத்து உடலாக்கினார். சேறு தெறிக்காமல் முன்னே ஒரு கேடயம். 1946 ஏப்ரல் 23 அன்று ஃபுளோரன்ஸ் நகரில் இதற்கான காப்புரிமை விண்ணப்பம் பதிவாயிற்று. இயந்திரத்தின் கொள்ளளவு வெறும் 98 சி.சி.; வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் அளவு.

அவர் மனத்தில் இருந்தவர்கள் நீளப் பாவாடை அணிந்த இத்தாலியப் பெண்களும், அங்கி தரித்த பாதிரிமார்களும், கோட்டு அணிந்த குமாஸ்தாக்களும்தாம். ஆயினும் அந்த நடு இடைவெளி கைலிக்கும் வேட்டிக்கும் ஜுப்பாவுக்கும் சேலைக்கும் அளந்து வெட்டியது போல் அமைந்துவிட்டது. தொழுகைக்குச் செல்பவர் ஆடை கசங்காமலும் கறைபடாமலும் போய்ச் சேரும் ஊர்தியை, ஹெலிகாப்டர் செய்தவர் ஒருவர் நமக்காகச் செய்து வைத்தார் எனலாம். தஸ்கானியோவுக்கோ கடைசிவரை தம் ஹெலிகாப்டர்தான் பெரிது. உலகம் ஸ்கூட்டரைக் கொண்டே அவரை நினைவில் வைத்தது.

இடை சிறுத்துப் பின்புறம் பருத்திருந்த அதன் உருவத்தையும், ரீங்கரிக்கும் ஓசையையும் கண்ட என்ரிகோ, குளவி போலிருக்கிறதே என்றாராம். ‘வெஸ்பா’ என்றால் இத்தாலிய மொழியில் குளவி. அரபு எழுத்தில் ‘வ’கரத்துக்கு அந்த ஒலி இல்லாமையால் எகிப்தியர் ‘ஃபெஸ்பா’ என்பர். குளவிக்கு அரபியில் ‘ஸுன்பூர்’. இந்தச் சொல்லைக் கேட்டவுடன் மதரஸாவில் நஹ்வு படித்தவர்கள் புன்னகை செய்வார்கள். இலக்கண வரலாற்றில் ‘மஸ்அலா ஸுன்பூரிய்யா’ என்று பெயர் பெற்ற வழக்கு ஒன்றுண்டு. பக்தாதில் யஹ்யா பர்மகீயின் அவையில் பஸராவின் ஸீபவைஹியும் கூஃபாவின் கிஸாயீயும் மோதினர். தேளின் கொட்டு கடிதா, குளவியின் கொட்டு கடிதா என்று வரும் ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல் எந்த வேற்றுமையில் நிற்க வேண்டும் என்பதே வாதம். வாசலில் நின்ற பாலைவன அரபிகள் சாட்சிக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் கிஸாயீ பக்கம் சாய்ந்தனர். ஸீபவைஹி மனமுடைந்து பாரசீகம் திரும்பி, அதிக காலம் வாழாமல் மறைந்தார். அவர் சொன்னதே சரி என்பது பின்வந்த இலக்கணிகள் பலரின் முடிவு. குளவியால் ஒரு பேரறிஞர் வீழ்ந்தார். அதே குளவியின் பெயரால் ஒரு தொழிற்சாலை எழுந்தது.

எழுந்த வேகமும் பெரிது. முதல் ஆண்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகள்; 1956 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. மிலான் நகரின் இன்னொசெந்தி நிறுவனம் 1947இல் ‘லாம்பிரட்டா’வைக் கொண்டுவந்து போட்டியிட்டது.

நம் நாட்டுக்கு வந்த கதை வேறு விதம். சுதந்திரத்துக்குப் பின் பம்பாயில் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா லாம்பிரட்டாவைப் பூட்டி விற்றது. பஜாஜ் குடும்பத்தார் முதலில் இறக்குமதி செய்து விற்றனர். 1959இல் உரிமம் பெற்று, பின்னர் பூனாவுக்கருகே பியாஜியோவின் கூட்டுறவோடு வெஸ்பாவையே செய்தனர். 1971இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. 1972இல் ‘சேத்தக்’ பிறந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. 1576இல் ஹல்திகாட்டியில் காயம்பட்ட எசமானைச் சுமந்து வந்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் குதிரை. அந்தப் போரில் ராணாவின் பக்கம் நின்று பொருதவர்களுள் ஹக்கீம் கான் சூர் என்ற ஆப்கானியத் தளபதியும் ஒருவர் என்பதைப் பள்ளிப் பாடங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இத்தனை வண்டிதான் செய்யலாம் என்று அரசு உரிமம் எழுதிக் கொடுத்த காலம் அது. வேண்டுவோர் தொகை பெருகப் பெருக, செய்வோர் கை கட்டப்பட்டிருந்தது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. கிடைத்த வண்டியை மறுநாளே கூடுதல் விலைக்கு விற்க முடிந்தது. இரும்பும் இரப்பரும் சேர்ந்த ஒரு பொருள், பழையதான பின்பும் புதியதை விட அதிக விலை போன விந்தை அன்று நடந்தது. வரிசையில் நில்லாமல் பெற ஒரே வழி, அந்நியச் செலாவணி. வெளிநாட்டுப் பணத்தில் விலை செலுத்தினால் முன்னுரிமை. துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் பாடுபட்ட நம்மவர்களின் வியர்வை, கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் ஸ்கூட்டராய் வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வந்து நின்றதும் வீட்டின் நடைமுறையே மாறிற்று. முன்பலகையில் நின்றபடி கைப்பிடியின் நடுவைப் பற்றிக்கொண்ட சிறுவன்; பின்னிருக்கையில் மடியில் கைக்குழந்தையோடு தாய்; ஒருபுறம் மாற்றுச் சக்கரம்; கொக்கியில் மீன் பை. காலையில் கிளம்பு முன் வண்டியைத் தம் பக்கம் சாய்த்து, பெட்ரோல் இறங்கட்டும் என்று சற்று நிறுத்தி, பின் நிமிர்த்தி உதைப்பது ஒரு சடங்காகவே ஆயிற்று. உதையில் புறப்படாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் ஊதவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெள்ளி பகல் ஜும்ஆவுக்கு நடந்து செல்ல முடியாத முதியவரைப் பின்னால் ஏற்றிச் செல்வதும், நோயாளியைப் பார்க்க அடுத்த ஊருக்கு மஃரிபுக்குப் பின் போய் இஷாவுக்குத் திரும்புவதும் இயல்பாயின. பேருந்தின் நேரத்துக்கு மனிதன் காத்திருந்த நிலை மாறி, மனிதனின் நேரத்துக்கு ஊர்தி காத்திருக்கத் தொடங்கியது. சொந்த ஊர்தியின் இன்பமெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

ஆனால் இந்த இன்பத்துக்குள்ளே ஒரு நஞ்சும் புகுந்தது. கிடைத்தற்கரிய பொருள் என்றவுடன் அது கைக்கூலிப் பட்டியலில் ஏறிற்று. நகை இத்தனை சவரன், ரொக்கம் இவ்வளவு, மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டர். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் ஏட்டில் இருந்தது. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்ற இறைக் கட்டளையும் ஓதப்பட்டுக்கொண்டே இருந்தது. நிக்காஹ் மேடையில் சில நூறு ரூபாய் மஹரைக் குத்பாவில் உரக்கச் சொல்லிவிட்டு, மணமகள் வீட்டார் வாங்கித் தந்த வண்டியில் மாப்பிள்ளை ஏறிப் போன காட்சியைக் கண்டு தலைகுனியாத ஊர் எது? பெண் பிறந்தவுடனேயே ஸ்கூட்டருக்குப் பதிந்து வைத்த தந்தையர் உண்டு என்று அக்காலத்தார் சொல்வார்கள். வரிசை அவ்வளவு நீளம் என்று சொல்லி இதைச் சிரித்துக்கொண்டே கூறுவது வழக்கம். நமக்குச் சிரிப்பு வருவதில்லை. ஏறிச் செல்பவனுக்கு இதமாய் இருந்த அந்த ஊர்தி, அதற்காகக் கடன்பட்ட ஒரு வாப்பாவின் முதுகில் ஏறி வந்தது.

வண்டி அரிதாய் இருந்தவரையில்தான் இந்த மோகமும் கடுமையாய் இருந்தது. அரிதை எளிதாக்கியதில் நம் மாநிலத்துக்குப் பங்குண்டு. 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் நிறுவனத்தின் வழிவந்தவர்கள், 1980இல் ஓசூரில் ‘டி.வி.எஸ். 50’ என்ற மொபெட்டை வெளியிட்டனர். இருவர் அமரத்தக்க மொபெட் இந்நாட்டில் அதுவே முதல். கியர் இல்லை, கம்பீரமும் இல்லை. மாப்பிள்ளை கேட்கும் பொருளாக அதை யாரும் மதிக்கவில்லை. அதுவே அதன் பெருமை என்போம். சேலை மூட்டையும் கைலிக் கட்டும் ஏற்றிக் கிராமம் கிராமமாய்த் தவணைக்கு விற்றவர், மீன் கூடைக்காரர், பால்காரர், காலையில் ஓரூரில் மக்தபும் மாலையில் மற்றோரூரில் குர்ஆன் வகுப்பும் நடத்திய லெப்பை என்று உழைத்துண்போர் அனைவரையும் அது சுமந்தது. 2015இல் நூறு சி.சி. இயந்திரம் பெற்று அதன் வழித்தோன்றல் புதுப்பிக்கப்பட்டது.

1984இல் வந்த கைனடிக் ஹோண்டாவும், 1990களில் வந்த ஸ்கூட்டியும் மற்றொரு மாற்றத்தைச் செய்தன. கியர் மாற்ற வேண்டாம், உதைக்க வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். பெண்கள் தாமே ஓட்டத் தொடங்கினர். இது தகுமா என்று கேட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். கேட்டவர்களுக்கு நாம் காட்டுவது புகாரீயில் உள்ள ஒரு செய்தியை. ஒட்டகம் ஏறும் பெண்களில் சிறந்தவர்கள் குறைஷியரின் நல்ல பெண்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். குழந்தையிடம் காட்டும் கனிவும், கணவரின் பொருளைப் பேணும் கவனமும் அந்தப் பாராட்டுக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இதை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் உடனே, மர்யம் (அலை) அவர்கள் ஒருபோதும் ஒட்டகம் ஏறியதில்லை என்று தம் சொல்லாகச் சேர்த்தார்கள். இந்தப் பாராட்டைக் கொண்டு மர்யம் (அலை) அவர்களின் மேன்மையை யாரும் குறைத்து எண்ணிவிடக் கூடாதே என்ற பேணுதல் அது. ஆக, பெண் ஊர்தி ஏறுவது அந்தச் சமுதாயத்தில் கேள்வியாகவே இருக்கவில்லை. 2018 பிப்ரவரியில் உழைக்கும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கத் தமிழக அரசு 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்டுவதற்கிருந்த தடை நீங்கியது. இரு செய்திகளையும் சில மாத இடைவெளியில் படித்தோம்.

இன்று மகளுக்குக் கல்லூரி சேரும்போதே வாப்பா வண்டி வாங்கித் தருகிறார். பெண்கள் அரபிக் கல்லூரிகளின் ஆசிரியைகள் புர்காவுடன் தலைக்கவசமும் அணிந்து பாடம் நடத்தப் போகிறார்கள். கைக்கூலி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். கேட்கும் பொருள் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறியிருக்கிறது. ஆயினும் தன் வண்டியில் தானே வந்து இறங்கும் பெண்ணிடம் பேரம் பேசுவது முன்போல் எளிதாய் இல்லை.

பழைய சேத்தக் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் ஓய்ந்தது. 2020இல் அதே பெயரில் மின்சார வண்டி விற்பனைக்கு வந்தது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் எழுந்தன. இவற்றில் ரீங்காரம் இல்லை, பெட்ரோல் மணம் இல்லை, சாய்த்து நிமிர்த்த வேண்டிய தேவையும் இல்லை. நடுவே காலூன்றும் அந்தத் தட்டைப் பலகை மட்டும் தஸ்கானியோ 1946இல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அரிசி மூட்டையை இன்றும் அதன் மேல்தான் வைக்கிறோம்.