முடியாத கோயிலின் சுவர்

இத்தாலியில் சியெனா என்று ஓர் ஊர். அங்கே குன்றின் மேல் நிற்கும் பேராலயத்தை வரி வரியாகக் கட்டியிருக்கிறார்கள்: வெள்ளைச் சலவைக்கல் ஒரு வரிசை, கரும்பச்சைக் கல் ஒரு வரிசை. உள்ளே தூண்களும் அப்படியே. கறுப்பும் வெளுப்பும் அந்நகரத்துச் சின்னத்தின் நிறங்கள்.

ஆனால், கோயிலை ஒட்டி மொட்டையாக நிற்கும் ஒரு நெடுஞ்சுவர்தான் என் மனத்தை அதிகம் கவர்கிறது. அதற்குப் பின்னால் கூரை இல்லை. ஜன்னல் திறப்பின் வழியே ஆகாயம் தெரிகிறது. அது எப்படி வந்தது?

சியெனாவுக்கும் பிளாரன்ஸுக்கும் தீராப் பகை. 1260-ல் மோன்டபெர்ட்டிப் போரில் சியெனாவும் அதன் நேசப் படைகளும் பிளாரன்ஸை முறியடித்தன. வெற்றிக் களிப்பில் கோயில் வளர்ந்தது. கும்மட்டம் எழுந்தது, நிக்கோலா பிசானோ சலவைக்கல்லில் பிரசங்க மேடை செதுக்கினார், அவர் மகன் ஜொவான்னி முகப்பைச் சிற்பங்களால் நிறைத்தார்.

1296-ல் பிளாரன்ஸ் தனக்கொரு பிரம்மாண்டமான பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது. சியெனா சும்மா இருக்குமா? 1339-ல் நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. இருக்கிற கோயில் முழுவதும் புதுக் கோயிலின் குறுக்குக் கையாகிவிட வேண்டும். அதற்குச் செங்குத்தாகப் புதிய நடுமண்டபம் எழ வேண்டும்! எத்தனை பெரிய ஆசை பாருங்கள்!

வேலை ஒன்பது ஆண்டுகள் நடந்தது. 1348-ல் கொள்ளை நோய் வந்தது. தம் ஐந்து குழந்தைகளையும் தம் கையாலேயே புதைத்ததாக ஆஞொலோ டி தூரா என்ற ஊர்க்காரர் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் கல் சுமக்க யார் இருப்பார்கள்? போதாக்குறைக்கு, எழுப்பிய பகுதியும் உறுதியாக இல்லை என்று தெரிந்தது. 1357-ல் ஆபத்தானவற்றை இடித்துவிட்டுத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அத்துடன் ஊர் ஓய்ந்துவிடவில்லை. 1369 முதல் பழைய கோயிலின் தரையில் சலவைக்கற்களைப் பதித்துச் சித்திரங்கள் தீட்டலானார்கள். ஐம்பத்தாறு சித்திரங்கள்! வேலை தலைமுறை தலைமுறையாக நீடித்தது. ஆண்டின் பெரும் பகுதி அவற்றை மூடிப் பாதுகாத்து, சில வாரங்கள் மட்டும் திறந்து காட்டுகிறார்கள்.

1555-ல் சியெனா தன் சுதந்திரத்தை இழந்தது. பிறகு பிளாரன்ஸின் பிரபுவுக்கே உடைமையாயிற்று. சுவர் மட்டும் நின்றது. முடியாத மண்டபத்தின் ஒரு பக்கத்தில் இன்று பொருட்காட்சிசாலை இருக்கிறது. 1311-ல் ஊரே திரண்டு ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துச் சென்ற தூச்சோவின் மாதா ஓவியம் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அந்தச் சுவரின் உச்சிக்கே ஏறிப் போகலாம். வரிக் கோயிலும் கும்மட்டமும் ஊரும் அங்கிருந்து ஒருசேரத் தெரியும். ஓர் ஊரின் கர்வத்தையும் துக்கத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க அதைவிட வேறு இடம் வேண்டியதில்லை.