பி.சி.ஓ.எஸ்.: சினைப்பையைத் தாண்டிப் பார்க்க எடுத்த அறுபது ஆண்டுகள்

1921ஆம் ஆண்டு அஷார், தியேர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தலைப்பிலேயே ‘தாடி வைத்த பெண்களின் நீரிழிவு’ என்ற விந்தையான தொடர் இருந்தது. முகத்தில் முடி வளர்வதும் சர்க்கரையைக் கையாள உடல் திணறுவதும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வருவதை அவர்கள் கவனித்திருந்தனர். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியின் மையமான முடிச்சு அதுதான். ஆனால் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைக்க ஆளில்லை.

சினைப்பை மட்டும் அதற்கு இரு நூற்றாண்டு முன்பே கண்ணில் பட்டிருந்தது. 1721இல் இத்தாலியின் அந்தோனியோ வல்லிஸ்நேரி, பருமனான, குழந்தையில்லாத இளம் குடியானவப் பெண் ஒருத்தியின் சினைப்பைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக, வெளுத்துப் பளபளப்பாக இருந்ததை எழுதி வைத்தார்.

நோய்க்கு முதலில் வழங்கிய பெயர் சிகாகோவின் இரு மருத்துவர்களுடையது. 1935இல் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் ஆகிய மகப்பேறு மருத்துவர்கள், மாதவிடாய் தவறிய, சினைப்பைகள் வீங்கிய ஏழு பெண்களைப் பற்றி எழுதினர். ஆய்வுக்காகச் சினைப்பையில் சிறு துண்டு எடுத்தபின் சிலருக்கு மாதவிடாய் தானாகத் திரும்பியது. அந்தத் தற்செயலே சிகிச்சையானது. சினைப்பையின் பாதி முதல் முக்கால் பங்கு வரை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் சீரானது, இருவர் கருவுற்றனர். பல பத்தாண்டுகள் இந்த அறுவை கோலோச்சியது. வெட்டிய இடத்தில் திசுக்கள் ஒட்டிக்கொண்டு, அதுவே கருத்தரிப்பைத் தடுத்த கதைகளும் உண்டு. 1960களில் க்ளோமிஃபீன் மாத்திரை வந்தபிறகே கத்தியின் செல்வாக்கு குறைந்தது.

ஆக, கத்தியோ மாத்திரையோ, கேள்வி ஒன்றுதான்: இவளுக்குக் குழந்தை பிறக்குமா? நோயாளியின் மற்ற உடம்பு யார் கண்ணிலும் படவில்லை.

திருப்பம் 1980இல் வந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பர்கன், கிவன்ஸ், கிடாப்சி மூவரும் இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலினும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனும் சேர்ந்தே உயர்ந்திருப்பதைக் காட்டினர். 1989இல் ஆண்ட்ரியா டுனாஃபின் குழு, இன்சுலினுக்கு உடல் மசியாத நிலை (இன்சுலின் எதிர்ப்பு) பருமனால் மட்டும் வருவதல்ல என்று நிறுவியது. ஒல்லியான பெண்ணுக்கும் அது உண்டு. ‘உடம்பைக் குறை, எல்லாம் சரியாகிவிடும்’ என்று உறவினர்கள் மட்டுமல்ல, மருத்துவர்களும் சொல்லி அனுப்பிவிடும் வழக்கத்துக்கு அது அன்றே சொல்லப்பட்ட பதில்.

இயங்கும் விதம் இதுதான். மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் குறைக்கிறது. முகப்பருவும் முடியும் அதனால் வருபவை. முட்டைப்பைகள் பாதி வளர்ச்சியில் நின்று சினைப்பையின் ஓரமாக முத்துமாலை போலச் சேர்கின்றன. ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டிகள்’ இவையே. வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் சுரப்பதில்லை. கருப்பை உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதவிடாய் வராததைத் தொல்லை விட்டது என்று எண்ணி இருந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

நோயை எப்படி உறுதிசெய்வது என்பதில் வழக்கு நீண்டது. 1990இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு ஸ்கேனை ஒதுக்கிவைத்து, ஆண்ட்ரோஜன் மிகுதியையும் முட்டை வெளிவராமையையும் மட்டும் அளவுகோலாக்கியது. 2003இல் ராட்டர்டாமில் கூடியவர்கள் ஸ்கேனையும் சேர்த்து, மூன்றில் இரண்டு இருந்தால் போதும் என்றனர். நோயாளிகள் எண்ணிக்கை கூடியது. அதில் பதின்ம வயதுச் சிறுமிகளும் சிக்கினர். அந்த வயதில் நோய் இல்லாமலேயே சினைப்பை அப்படித் தோன்றக்கூடும். எனவே 2018இன் சர்வதேச வழிகாட்டுதல், பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து நோயை முடிவுசெய்யக் கூடாது என்றது.

தெற்காசியப் பெண்களுக்கு இதில் தனிப் பாடம் உண்டு. 2002இல் இலங்கை மருத்துவர் சந்திரிகா விஜேரத்ன, பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து பிரிட்டனில் வாழும் தெற்காசிய, வெள்ளையினப் பெண்களை ஒப்பிட்டார். தெற்காசியருக்கு அறிகுறிகள் இளம்வயதிலேயே, கடுமையாகத் தோன்றின. இன்சுலின் எதிர்ப்பும் அதிகம். அதன் அடையாளமாகக் கழுத்தில் படரும் கருமையை அழுக்கென்று தேய்க்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு அது இருப்பதே தெரியாதவர்கள். 2023இன் வழிகாட்டுதல், நோய் உறுதியானதும் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது; மனச்சோர்வு, பதற்றம் உண்டா என்றும் கேட்கச் சொல்கிறது. திருமணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தப் பரிசோதனைகளை எழுதித் தரும்படி கேளுங்கள்.