நீர்வேலி வீடுகளில் சவுனா

சவுனா என்பது மரப்பலகை அடைத்த சிறு அறையில், அடுப்பின் மேல் அடுக்கிய கற்களைச் சூடாக்கி, அவற்றின் மேல் சிறிது நீர் தெளித்து, அந்த வெப்பத்தில் வியர்த்துப் பின் உடலைக் குளிர்விக்கும் குளியல் முறை. பின்லாந்தில் இவ்வறை 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அந்நாட்டுச் சவுனா மரபை யுனெஸ்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலுள்ள நீர்வேலியில் இதை வீட்டோடு கட்டலாமா என்றால், வெயில் எரிக்கிற ஊரில் எதற்கு என்ற மறுப்புத்தான் முதலில் எழும். அம்மறுப்பு வலுவற்றது. உண்மையான தடை காலடிக் கல்லில் இருக்கிறது.

வெப்ப நாட்டார் வியர்வைக் குளியலை ஒதுக்கியவர்கள் அல்லர். பௌத்த விநய நூல்கள் பிக்குகளுக்கு ஜந்தாகரம் என்னும் வெப்ப அறையை அனுமதித்தன. சிறிய அறையில் அடுப்பை ஒரு பக்கமும் பெரியதில் நடுவிலும் வைக்க வேண்டும், முகத்தில் மண் பூசிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அவை நுணுக்கமாகப் பேசுகின்றன. குருநாகல் மாவட்டத்து அரங்கலையில் அத்தகைய குளியல் கூடத்தின் இடிபாடுகள் உள்ளன. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் வேது, அதாவது ஆவி பிடித்தல், ஒன்று. நொச்சி, வேம்பு முதலிய இலைகளை அவித்து, போர்வைக்குள் ஆவி பிடிப்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் அறிந்த வழக்கம். ஆனால் வேதும் சவுனாவும் ஒன்றல்ல. போர்வைக்குள் காற்று ஈரத்தால் நிறைந்துவிடுவதால் வியர்வை ஆவியாகாது. குறைந்த சூடே உடலைத் திணறடிக்கும். சவுனாவின் காற்று ஒப்பீட்டளவில் உலர்ந்தது; வியர்வை ஆவியாவதால்தான் உடல் அத்தனை சூட்டைச் சில நிமிடங்கள் தாங்குகிறது.

பனியும் ஏரியும் இல்லாமல் உடலை எப்படிக் குளிர்விப்பது என்று கேட்கலாம். இங்கே கிணறு போதும். நிலத்தடி நீர் ஆண்டின் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டி, ஏறத்தாழ 28 பாகையில் இருக்கும். சூடேறிய தோலைவிட அது தெளிவாகக் குளிர்ந்தது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளித்த நீரை வாழைக்குப் பாய்ச்சுவது இவ்வூருக்குப் புதிதல்ல.

சிக்கல் கட்டுமானத்தில் தொடங்குகிறது. குடாநாடு முழுதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கிறது. சூளையில் சுட்டால் சுண்ணாம்பாகிவிடும் அக்கல்லை அடுப்பில் அடுக்கி நீர் தெளிக்கக் கூடாது; வெடித்துத் தெறிக்கும். எரிமலைப் பாறை போன்ற, சூட்டையும் குளிரையும் மாறி மாறித் தாங்கும் அடர்ந்த கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். பனைமரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இருக்கைக்கு உதவாது: வைரமேறிய கனத்த மரம் சூட்டை உடம்புக்குக் கடத்திச் சுடும். எடை குறைந்த, பிசின் கசியாத மரம்தான் தகும். மின்னடுப்பு என்றால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் தேவை. 30 அம்பியர் ஒற்றைக்கட்ட இணைப்பு தருவது 7 கிலோவாட்டுக்கும் குறைவு; ஆறு கன மீட்டர் அறையே வீட்டின் மற்ற மின்தேவையை நெருக்கிவிடும். விறகடுப்பு இந்த நெருக்கடியைத் தவிர்க்கும், ஆனால் புகைபோக்கி ஒழுங்காக அமைய வேண்டும்.

இவ்வளவு செலவுக்கு உடல்நலம் ஈடாகுமா? கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை நெடுங்காலம் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், வாரத்தில் நான்கு முதல் ஏழு முறை சவுனாவில் அமர்ந்தவர்களிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் இது கவனிப்பு ஆய்வு. உடல்நலமுள்ளவர்களே அடிக்கடி சவுனாவுக்குப் போயிருக்கவும் கூடும். வேறு உணவும் வேறு வானிலையும் கொண்ட மக்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துவது அவசரம். மது அருந்தியவர்களும் நெஞ்சுவலி அடங்காத இதய நோயாளிகளும் உள்ளே போகக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. எனவே நலன் கருதிக் கட்டுவதைவிட, வாரந்தோறும் குடும்பமாகப் பயன்படுத்தும் விருப்பம் இருந்தால் கட்டுவதே பொருத்தம். ஆண்டில் சில வாரங்கள் வந்துபோகும் வெளிநாட்டு உறவினருக்காகக் கட்டிப் பூட்டி வைத்தால், வடகீழ்ப் பருவமழையில் பலகை பூஞ்சணம் பிடிக்கும், கறையான் ஏறும்.