பால் ஜோன்ஸ்

பால் ஜோன்ஸ் (பிறப்பு: 24 பிப்ரவரி 1942) இங்கிலாந்தைச் சேர்ந்த பாப் பாடகர், மவுத் ஆர்கன் கலைஞர், நடிகர், வானொலித் தொகுப்பாளர். 1960-களில் மேன்ஃபிரெட் மேன் குழுவின் முதன்மைப் பாடகராகப் புகழ்பெற்றார். 1986 முதல் 2018 வரை பிபிசி ரேடியோ 2-இல் ப்ளூஸ் இசை நிகழ்ச்சியை நடத்தினார். புகழின் உச்சியில் பாடியது சுமார் நான்கு ஆண்டுகள். ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பிறர் பாட்டை அறிமுகம் செய்தது 32 ஆண்டுகள். பாட்டு மார்க்கெட் போன பிறகு வானொலிக்கு ஒதுங்கியவர் என்று இவரைக் கருதுவது தவறு. இவர் இளமையில் காதலித்தது ப்ளூஸை. பாப் நடுவில் வந்து சேர்ந்தது. வானொலிதான் இவரைப் பழைய காதலிடம் திரும்பக் கொண்டுவந்தது.

தொடக்கம்

போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார், இயற்பெயர் பால் பாண்ட். ஆக்ஸ்ஃபோர்டின் ஜீசஸ் கல்லூரியில் சேர்ந்தும் பட்டம் பெறவில்லை. அக்காலப் பிரிட்டனில் ப்ளூஸ் கேட்பதே பெரும்பாடு. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடம் பிறந்த அந்த இசை கடல் கடந்து வந்த இசைத்தட்டுகளில்தான் கிடைத்தது. தட்டு வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். உள்நாட்டு வானொலி முழுக்க பிபிசியின் கையில் இருந்தது. பிரிட்டனில் உரிமம் பெற்ற தனியார் வானொலி 1973-இல்தான் ஒலிக்கத் தொடங்கியது.

இந்தப் பித்துப் பிடித்த இளைஞர்கள் ஒன்றுகூடிய இடம், லண்டனில் ப்ளூஸ் கலைஞர் அலெக்சிஸ் கார்னர் 1962-இல் தொடங்கிய ஈலிங் கிளப். அங்கே பி. பி. பாண்ட் என்ற பெயரில், ‘எல்மோ லூயிஸ்’ என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்ட கிட்டார் கலைஞரோடு இவர் பாடினார். அந்த எல்மோ லூயிஸ்தான் பிரையன் ஜோன்ஸ். பிரையனும் கீத் ரிச்சர்ட்ஸும் தாங்கள் தொடங்கவிருந்த குழுவுக்குப் பாடகராக வரும்படி இவரை அழைத்தார்கள். இவர் மறுத்துவிட்டார். அவர்கள் தொடங்கிய குழு ரோலிங் ஸ்டோன்ஸ்.

மேன்ஃபிரெட் மேன் குழுவில்

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கீபோர்டு கலைஞர் மேன்ஃபிரெட் மேனும் டிரம்மர் மைக் ஹக்கும் நடத்திய குழுவில் ஜோன்ஸ் சேர்ந்தார். ‘ரெடி ஸ்டெடி கோ!’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இவர்கள் உருவாக்கிய முகப்புப் பாடல் ‘5-4-3-2-1’ 1964 தொடக்கத்தில் வெற்றிபெற்றது. அதே ஆண்டில் ‘டூ வா டிடி டிடி’ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ஜெஃப் பேரியும் எல்லி கிரீனிச்சும் எழுதிய அந்தப் பாட்டை இவர்களுக்கு முன்பே எக்சைட்டர்ஸ் என்ற அமெரிக்கக் குழு பாடியிருந்தது. பாப் டிலனின் ‘இஃப் யூ காட்டா கோ, கோ நவ்’ 1965-இல் இரண்டாமிடத்தையும், ‘பிரெட்டி ஃபிளமிங்கோ’ 1966-இல் பிரிட்டனில் முதலிடத்தையும் எட்டின.

இந்த வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு ஜோன்ஸ் இன்னொரு பாப் நட்சத்திரம்தான். ஆனால் 1964-இல் வந்த முதல் ஆல்பமான ‘தி ஃபைவ் ஃபேசஸ் ஆஃப் மேன்ஃபிரெட் மேன்’ தட்டை எடுத்துக் கேட்க வேண்டும். ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’, ‘ஹூச்சி கூச்சி’, ‘காட் மை மோஜோ வொர்க்கிங்’ என்று சிகாகோ ப்ளூஸ்காரர்களின் பாட்டுகள் அதில் வருகின்றன. கடையில் விற்க ஒரு இசை, மனம் விரும்பிய இசை வேறு. ஜோன்ஸின் மவுத் ஆர்கன் அந்த ஆல்பத்தில் குரலுக்கு இணையாகப் பேசுகிறது.

ப்ளூஸ் மவுத் ஆர்கனுக்குத் தனி வித்தை உண்டு. ஈ சுருதியில் அமைந்த பாட்டுக்கு ஏ சுருதிக் கருவியை எடுப்பார்கள். அப்போதுதான் முக்கியமான ஸ்வரங்கள் மூச்சை உள்ளிழுக்கும் துளைகளில் வந்து விழும்; இழுக்கும் மூச்சில் ஸ்வரத்தைக் கீழே வளைத்து அழவைக்க முடியும். பத்துத் துளைகள் கொண்ட, சட்டைப் பையில் அடங்கும் இந்தக் கருவியைப் பிரிட்டனில் மதிப்புக்குரியதாக்கியவர்களில் ஜோன்ஸ் முக்கியமானவர். பின்னாளில் தேசிய ஹார்மோனிக்கா கழகத்தின் தலைவராகவும் ஆனார்.

தனிப்பாடகர், நடிகர்

1966-இல் குழுவிலிருந்து விலகினார். அவரிடத்துக்கு மைக் டி’அபோ வந்தார். தனியாகப் பாடிய ‘ஹை டைம்’, ‘ஐவ் பீன் எ பேட், பேட் பாய்’ இரண்டும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. 1968-இல் பதிவான ‘அண்ட் த சன் வில் ஷைன்’ பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் பால் மெக்கார்ட்னி, கிட்டார் ஜெஃப் பெக். இத்தகைய கலைஞர்கள் கூடியும் அது ஓடவில்லை.

பீட்டர் வாட்கின்ஸ் இயக்கிய ‘பிரிவிலேஜ்’ (1967) இவர் நடித்த படங்களில் இன்றும் பார்க்க வேண்டிய ஒன்று. அரசும் திருச்சபையும் இளைஞர்களை வசப்படுத்த ஒரு பாப் பாடகனைப் பயன்படுத்துகின்றன என்பது கதை, பாடகனாக ஜோன்ஸ். பிறகு நாடக மேடையில் நீண்டகாலம் நடித்தார். ‘எவிட்டா’ இசை நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஹுவான் பெரோனாகப் பாடினார். லண்டன் தேசிய நாடக அரங்கில் ‘தி பெகர்ஸ் ஆபரா’வில் ஃபியோனா ஹென்ட்லியுடன் நடித்தார், அவரையே மணந்துகொண்டார்.

இறை நம்பிக்கை விஷயத்தில் இவர் வாழ்க்கை தலைகீழாக மாறியது. 1960-களில் தொலைக்காட்சி விவாதமொன்றில் கிறிஸ்தவரான பாடகர் கிளிஃப் ரிச்சர்டை எதிர்த்து வாதிட்டவர் இவர். 1980-களின் நடுவில் அதே கிளிஃப் ரிச்சர்டின் அழைப்பில் நற்செய்தியாளர் லூயிஸ் பலாவின் கூட்டத்துக்குப் போய், கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்றார். 

ப்ளூஸ் பேண்ட்

1979-இல் மேன்ஃபிரெட் மேன் காலத் தோழர் டாம் மெகின்னஸ், டேவ் கெல்லி, ஹியூயி ஃபிளிண்ட், கேரி ஃபிளெட்சர் ஆகியோருடன் ‘தி ப்ளூஸ் பேண்ட்’ குழுவை அமைத்தார். பங்க் இசை அலை அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ப்ளூஸ் குழுவுக்கு என்ன சந்தை இருந்திருக்கும்? அவர்கள் சந்தையைப் பார்த்துத் தொடங்கவில்லை. பப்களில் வாசித்து மகிழத்தான் தொடங்கினார்கள். கூட்டம் தானாகச் சேர்ந்தது. 1990-களிலிருந்து பழைய மேன்ஃபிரெட் மேன் தோழர்களோடு ‘தி மேன்ஃபிரெட்ஸ்’ என்ற பெயரிலும் மேடையேறினார்.

வானொலியில்

ப்ளூஸ் பாடகர் ஒருவர் பிபிசியில் இசைத்தட்டு போட்டுப் பேசுவது ஜோன்ஸுக்கு முன்பே நடந்திருக்கிறது. ஈலிங் கிளப்பின் அலெக்சிஸ் கார்னர் 1970-களின் பிற்பகுதியில் ரேடியோ 1-இல் நிகழ்ச்சி நடத்தினார். 1984-இன் முதல் நாளில் அவர் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து ரேடியோ 2-இல் ஜோன்ஸின் நிகழ்ச்சி தொடங்கியது. ஆசான் விட்ட இடத்தில் சீடர் வந்து அமர்ந்ததாகவே இதைக் கொள்ளலாம்.

தரவரிசைப் பட்டியலில் ப்ளூஸ் வருவது அரிது. பகல் நேர நிகழ்ச்சிகளில் அதற்கு இடம் கிடைக்காது. ஆகவே வாரம் ஒருமுறை மாலையில் வந்த இந்த நிகழ்ச்சி அமெரிக்க முன்னோடிகளின் பழைய பதிவுகளுக்கும், பிரிட்டனின் சிற்றூர்களில் வாசித்துவந்த சமகாலக் குழுக்களுக்கும் ஒருசேர நாடளாவிய வாசலாக இருந்தது. தானே மேடையில் வாசிப்பவர் என்பதால் ஒரு பாட்டில் கிட்டார் எங்கே நுழைகிறது, மவுத் ஆர்கன் எங்கே பதில் சொல்கிறது என்பதைக் கலைஞனின் காதோடு கேட்டவர் ஜோன்ஸ். அறிவைக் காட்டிக்கொள்ளும் தொனி அவரிடம் இல்லை. தனக்குப் பிடித்ததை அடுத்தவரும் கேட்க வேண்டுமே என்ற ஆவல்தான் இருந்தது. ஜாஸ் எஃப்எம் நிலையத்திலும் நிகழ்ச்சி வழங்கியிருக்கிறார். வானொலிப் பணி நடக்கும்போதே பாடுவதையும் விடவில்லை: 2009-இல் வந்த ‘ஸ்டார்ட்டிங் ஆல் ஓவர் அகெய்ன்’ ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் இவருக்காகக் கிட்டார் வாசித்தார்.

2018-இல் ஜோன்ஸ் விடைபெற்றபோது ப்ளூஸ் நிகழ்ச்சி கெரிஸ் மேத்யூஸ் கைக்குப் போனது. வேல்ஸைச் சேர்ந்த அவரும் பாப் பாடகிதான்: 1998-இல் ‘மல்டர் அண்ட் ஸ்கல்லி’ பாட்டால் பெயர்பெற்ற கேட்டடோனியா குழுவின் குரல் அவருடையது.