தமிழ்த் திங்களும் தவணைக் கணக்கும்: நகரத்தார் கணக்கேடுகளைக் கணினிப்படுத்துவதில் எழும் சிக்கல்

முன்னுரை

கல்லல் உள்ளிட்ட நகரத்தார் ஊர்களின் கணக்கேடுகளும் கடன் முறிகளும் தமிழ் ஆண்டு, திங்கள், தேதி கொண்டு எழுதப்பட்டவை. இவற்றைக் கணினியில் ஏற்றுவோர் தவணை முடியும் நாளைக் கணிக்க நிரல்மொழிகளின் தேதி நூலகங்களை நாடுகின்றனர். அந்நூலகங்களின் ‘மாதம்’ இவ்வேடுகளின் ‘மாதம்’ அன்று என்பதை இக்கட்டுரை நிறுவுகின்றது.

தவணையும் நடப்பும்

பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் நடப்பு வட்டி, தவணை வட்டி என்னும் இருவகை வட்டியைக் கையாண்டனர். 1929–30இல் இயங்கிய சென்னை, பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுக்கள் இவர்களது தொழில்முறையை ஆராய்ந்தன. நடப்பு வட்டி வீதம் மாதந்தோறும் கூடி முடிவு செய்யப்பட்டது. எனவே மாதம் எந்நாளில் பிறக்கிறது என்பது பணத்தைத் தொடும் வினாவாகும்.

திங்களின் அளவு

தமிழ்த் திங்கள் ஞாயிறு ஓர் இராசியில் தங்கும் காலமாகும். ஆனி ஏறத்தாழ 31 நாள் 36 நாழிகையும், மார்கழி 29 நாள் 20 நாழிகையும் கொண்டவை. சங்கிராந்தி மறைவுக்கு முன் நிகழின் அன்றே மாதப்பிறப்பு. பின் நிகழின் மறுநாள். ஆதலால் ஒரே திங்கள் ஓராண்டில் 31 நாளும் மற்றோராண்டில் 32 நாளும் பெறும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் எனின், 29 நாள் மார்கழியில் ஒரு நாளுக்குரிய வட்டி 32 நாள் ஆனியினும் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகும்.

நூலகங்களின் விதி

சனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால், 2014இல் வெளிவந்த ஜாவா 8இன் தேதி நூலகம் பிப்ரவரியின் இறுதி நாளைத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் மாத எண்ணை மட்டும் ஒன்று உயர்த்தினால், மிகைநாள் இல்லா ஆண்டில் மார்ச் 3 கிடைக்கும். இவ்விரு விதிகளையும் ஆனி 32இல் தொடங்கும் ஒரு மாதத் தவணைக்குப் பொருத்துக. ஆடி 31 நாள் உடையதாயின், முதல் விதி ஆடி 31ஐயும் இரண்டாவது ஆவணி 1ஐயும் காட்டும். வேறுபாடு ஒரு நாளே. எனினும் அது மற்றொரு மாதத்தின் நடப்பு வீதத்தைக் கணக்கில் ஏற்றிவிடும்.

தமிழ்த் தேதியை முதலில் ஆங்கிலத் தேதியாக்கிப் பின் மாதம் கூட்டுவதும் பிழையே. 2024 டிசம்பர் 16இல் மார்கழியும் 2025 சனவரி 14இல் தையும் பிறந்தன. டிசம்பர் 16உடன் ஒரு மாதம் கூட்டின் சனவரி 16 வரும். அது தை 3 ஆகும்.

முடிவுரை

நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்குரிய ௳, ௴, ௵ என்னும் குறிகள் 2003இல் வெளியான ஒருங்குறி 4.0இல் இடம்பெற்றன. குறி கணினியில் ஏறியது. அதன் கணக்கு ஏறவில்லை. ஆகவே பதிப்பாளர் ஏட்டிலுள்ள தேதியை உள்ளவாறே பதிதல் வேண்டும். மாத நீளங்களை அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தினின்று பெறுதல் வேண்டும். மாதக் கடைநாளுக்குக் கொண்ட விதியை வெளிப்படையாகச் சுட்டுதல் வேண்டும். இன்றேல் நிரலின் பிழை வணிகரின் பிழையாக வரலாற்றில் பதிவாகிவிடும்.