ஆய்வுக்குப் பூட்டு எதற்கு?

நம்ம ஊர் நோயாளிகளிடம் செய்த ஆய்வை நம்ம ஊர் டாக்டரே காசு கட்டித்தான் படிக்கணும் என்றால் அது என்ன நியாயம்?

1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வைக்காமல், வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று ஏழை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் கண்டது. 1959-இல் உலக சுகாதார நிறுவன இதழில் வெளியான அக்கட்டுரையை இன்று யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

எல்லா ஆய்வுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. நம் நாட்டு மருத்துவ இதழ்கள் பல வெளிநாட்டு அட்டவணைகளில் ஏறவே இல்லை. டில்லியில் 1986-இல் அமைந்த இந்திய மெட்லார்ஸ் மையம் அவற்றுக்கென்றே 'இன்ட்மெட்' அட்டவணையை உருவாக்கியது. 2004-இல் சென்னை சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுப்பையா அருணாசலம் முன்னின்று இலவசக் களஞ்சியங்கள் பற்றிப் பயிலரங்குகள் நடத்தினார். 2005-இல் டில்லி மையம் 'ஓப்பன்மெட்' களஞ்சியத்தைத் திறந்தது. அதில் ஆய்வாளரே கட்டுரையை ஏற்ற முடிந்தது; யாரும் படிக்க முடிந்தது. ஆனால் கட்டாயம் இருக்கவில்லை. உண்டியல் வைத்தால் போதுமா? போடுகிற கை வேண்டாமா?

2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசுக் கல்லூரிகளுக்குச் சுமார் 13,000 இதழ்கள்! நல்லதுதான். ஆனால் சந்தா என்பது வாடகை வீடு. களஞ்சியம் சொந்த வீடு.

தம்பி, தங்கைகளே! நாளை நீங்கள் தருமபுரி மாவட்ட மக்களிடம் ஆய்வு செய்தால், இதழின் விதியைப் பார்த்து, ஒரு பிரதியைத் திறந்த களஞ்சியத்தில் போட்டு வையுங்கள். ரத்தம் கொடுத்தது நம் ஜனங்கள். பலனும் அவர்களுக்கே திரும்பட்டும்.