ஆய்வாளரும் ஆசிரியரும்: ஹோஷங்காபாத் சொல்லும் பாடம்



புக்கிட் பாஞ்சாங்கில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி, தேநீர் போடுவதைப் பற்றி எழுதிய பத்தியில் "சர்க்கரை நீரில் மறைந்தது" என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு "கரைந்தது" என்று திருத்தினேன். மறைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கரைந்த பொருள் உள்ளேயே இருக்கும் என்று விளக்கமும் சொன்னேன். அவள் விடவில்லை. "உள்ளேயே இருந்தா கிளாசுல தண்ணி ஏன் உயரல, டீச்சர்?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. "அதை உன் அறிவியல் ஆசிரியரிடம் கேள்" என்று கூறி அடுத்த வரிக்குச் சென்றுவிட்டேன்.

அன்றிரவு அந்தப் பதில் என்னை உறுத்தியது. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் பயின்ற காலத்தில், "தெரியாது" என்ற சொல்லை ஆசிரியர் வகுப்பில் உச்சரிக்கலாகாது என்பது எழுதப்படாத விதி. சோதனைக் கருவிகள் பூட்டிய அலமாரியில் இருந்தன. அவற்றை வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரைந்து காட்டவே நாங்கள் கற்றுக்கொண்டோம். அறிவியலை ஆராய்ச்சியாகவே செய்துகொண்டிருக்கும் ஒருவர் என் அருகில் நின்றிருந்தால் நான் அப்படி நழுவியிருக்க மாட்டேனே என்று எண்ணினேன். இவ்வெண்ணம் புதியதன்று. இந்தியாவிலேயே இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1972ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. (அம்மாவட்டம் 2022 முதல் நர்மதாபுரம் என வழங்கப்படுகிறது.) கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு தொண்டு அமைப்புகள் மாநில அரசின் இசைவோடு அதை மேற்கொண்டன. கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சட்கோபால், மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த அறிவியலாளர். அப்பணியை விட்டுக் கிராமத்திற்கு வந்தவர். அந்நிறுவனத்தின் இயற்பியலறிஞர் யஷ்பால் போன்றோர் தொடக்கத்தில் துணை நின்றனர். பின்னர் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் தொடர்ந்து வரத் தொடங்கினர். ஆசிரியர்கள் அங்குச் சென்று பணியாற்றுவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு உதவித்தொகையும் வழங்கியது.

அவர்கள் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொற்பொழிவு ஆற்ற வரவில்லை. கோடை விடுமுறைப் பயிற்சியில் ஆசிரியர்களே மாணவர்களைப் போலக் குழுக்களாக அமர்ந்து, பிள்ளைகள் செய்யவிருக்கும் அதே சோதனைகளைச் செய்தார்கள். பள்ளி திறந்த பிறகு மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வந்தது, எது வரவில்லை என்று பேசினார்கள். பல்கலைக்கழகத்தார் வகுப்பறைகளுக்கு நேரில் சென்று பார்த்தார்கள். ஆசிரியர்கள் சொன்ன குறைகளுக்கேற்பப் பாடங்கள் திருத்தப்பட்டன. "பால் வைஞானிக்" என்னும் அவர்களது பாடநூலில் செய்முறைகளும் வினாக்களும் இருந்தன; விடைகள் இல்லை. பிள்ளைகள் நால்வர் நால்வராகச் சேர்ந்து செய்து பார்த்து, விடையைத் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தேர்வு எழுதும்போது புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். "சவாலிராம்" என்னும் கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்பினர், பதிலும் வந்தது.

வந்தவர்களும் கற்றுக்கொண்டே திரும்பினர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் தம் தொழிற்சாலைப் பணிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் வந்தார். சைக்கிள் வால்வு ட்யூபுத் துண்டுகளையும் தீக்குச்சிகளையும் இணைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் என வடிவங்கள் செய்யும் முறையை அங்குதான் உருவாக்கினார். அவருடைய வாழ்நாள் பணியே அதிலிருந்து கிளைத்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

1978இல் இத்திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் இதைத் தொடர்ந்து நடத்த ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றியது. காலப்போக்கில் பல மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியது. ஆயினும் 2002இல் மாநில அரசு இதை நிறுத்தி, பிற மாவட்டங்களில் இருந்த வழக்கமான பாடநூலையே இங்கும் கொண்டுவந்தது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிவுற்றது.

கடல் கடந்து அமெரிக்காவிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வு மாணவர்கள் உதவித்தொகை பெற்றுக்கொண்டு, வாரத்தில் பத்து மணி நேரம் அளவுக்குப் பள்ளி ஆசிரியரோடு வகுப்பில் இருப்பார்கள். 2011இல் அத்திட்டத்தை முடித்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அதே ஆண்டில் "சயின்ஸ்" இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆய்வு மட்டுமே செய்த மாணவர்களைவிட, ஆய்வோடு கற்பித்தலும் செய்த மாணவர்கள் கருதுகோள் அமைப்பதிலும் சோதனை வடிவமைப்பதிலும் கூடுதல் முன்னேற்றம் கண்டனர் என்பது அதன் முடிவு. வகுப்பறைக்கு வரும் ஆய்வு மாணவர் கொடுப்பவர் மட்டுமல்லர், பெறுபவரும் ஆவார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் தமிழகத்திற்கு வருவோம். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அறிவியலாளர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் ஒரே மேடையில் சேர்த்தது. 1987 முதல் சிறுவர்க்கெனத் "துளிர்" என்னும் இதழையும் நடத்தி வருகிறது. அரசளவில், 2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளியில் "வானவில் மன்றம்" தொடங்கப்பட்டது. 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்காக, 700க்கும் மேற்பட்ட கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று எளிய சோதனைகளைச் செய்து காட்டும் திட்டம் இது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருவருக்கு ஏறத்தாழ பதினெட்டுப் பள்ளிகள். அவர் வந்து செல்லும் நாள் திருவிழா நாள்தான். மறுநாள் அந்த வகுப்பில் நிற்கப்போவது யார்? ஆசிரியர்தாம்.

ஹோஷங்காபாதில் நான் காணும் பாடம் இதுவே. விருந்தினராக வந்து வித்தை காட்டிப் போகிறவரால் வகுப்பறை மாறுவதில்லை. ஆசிரியருக்கு அருகில் அமர்ந்து, அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவைத் தருகிறவரால்தான் அது மாறுகிறது. திட்டங்கள் ஆணையால் நின்றுபோகலாம். அந்தத் துணிவைப் பெற்ற ஆசிரியரிடமிருந்து அதை எந்த ஆணையாலும் பறிக்க இயலாது.

இதை எழுதிவிட்டு நான் சும்மா இருந்தால் முறையாகாது. எங்கள் புளோக்கில் வசிக்கும் ஆய்வு மாணவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தேன். முதல் சனிக்கிழமை அவர் நாற்பது நிமிடம் பேசினார். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவரைப் பிள்ளைகளோடு அமரச் சொன்னேன். பிறகு அந்த மாணவியிடம், "அன்று நீ கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. அதனால்தான் உன்னை அனுப்பிவிட்டேன். இன்று சேர்ந்து பார்ப்போமா?" என்றேன். சொல்லும்போது குரல் சற்றுத் தடுமாறியது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

குறுகலான கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போட்டோம். ஒரு கரண்டி சர்க்கரைக்கு மாற்றம் தெரியவில்லை. ஐந்தாவது கரண்டியில் நீர் கோட்டைத் தாண்டியிருந்தது. "உயருது டீச்சர்! ஆனா போட்ட அளவுக்கு உயரல" என்றாள் அவள். ஆய்வு மாணவர் விடை சொல்லாமல், சர்க்கரைக் கரண்டியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொன்னார். குருணைகளுக்கிடையே இடைவெளி இருப்பதைப் பிள்ளைகளே கண்டார்கள். கரண்டியில் நாம் சர்க்கரை என்று அள்ளுவதில் ஏறக்குறைய பாதி இடம் காற்றுக்கு உரியது!

கிளம்பும்போது அவர் என்னிடம், "கரைதல், மறைதல் இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு உண்டென்று இன்றுதான் யோசித்தேன், ஆசிரியரே" என்றார். அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வகுப்பறைகளில் இப்படி யாரேனும் அருகில் வந்து அமர்ந்ததுண்டா? பின்னூட்டத்தில் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.